யூவி டார்ச்: வாசகர் கேள்விகள்

கே: மலிவான யூவி (புறஊதா ஒளி) டார்ச் ஒன்று வாங்கினேன். எதில் அடித்தாலும் ஊதா வெளிச்சம்தான் தெரிகிறது, பொருள் எதுவும் ஒளிரவில்லை. டார்ச் கோளாறா?

ப: கோளாறு இல்லை. மலிவு டார்ச்களில் பெரும்பாலும் 395 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளத்தைச் சொல்லும் அளவு) எல்.இ.டி.தான் இருக்கும். அதோடு கண்ணுக்குத் தெரிகிற ஊதாவும் கொட்டும். பொருளின் மெல்லிய ஒளிர்வு அதில் அமுங்கிவிடும். மஞ்சள் செல்லோபேன் தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள் (டார்ச்சின் முகத்தில் ஒட்டினால் பயனில்லை). ஊதா வடிந்து பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளிர்வு மிஞ்சும். நீல ஒளிர்வும் கூடவே போய்விடும், அது ஒன்றுதான் நஷ்டம்.

ஒளிர்வைப் பார்க்க ஒரு சோதனை: பச்சை இலை நாலைந்தைக் கசக்கி, கால் டம்ளர் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் பச்சையம் கரையாது. ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வேண்டாம். இருட்டில் கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டில் டார்ச்சை அடித்தால், பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். டார்ச் படும் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு தெரிந்தால் சாறு கெட்டி. இன்னும் ஸ்பிரிட் ஊற்றுங்கள்.

கே: டப்பாவில் 365 நானோமீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. நம்பலாமா?

ப: வெள்ளைத் தாளில் அடித்துப் பார்ப்பது வீண். தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சாயம் 395-க்கும் நீலமாக ஒளிரும். மங்கலான ஸ்டீல் தட்டின் அடிப்பக்கத்தில் அடியுங்கள். அழுத்தமான ஊதா வட்டம் விழுந்தால் அது 395 வகை. 365 என்றால் வெளிறிய, சாம்பல் கலந்த வெளிச்சம்தான் விழும். முகப்பில் கறுப்பு ஃபில்டர் கண்ணாடி இருந்தால் அதுவும் ஏறக்குறைய மறைந்துவிடும்.

கே: ரீசார்ஜபிள் பேட்டரி போட்டால் மங்கலாக எரிகிறதே?

ப: மூன்று சாதா ட்ரிபிள் ஏ பேட்டரி சேர்ந்தால் 4.5 வோல்ட். 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் மூன்று சேர்ந்தால் 3.6 தான். யூவி எல்.இ.டி. எரியவே ஏறக்குறைய 3.2 முதல் 3.6 வோல்ட் வேண்டும், ஆகவே மிச்சம் இல்லை. பல எல்.இ.டி. கொண்ட மலிவு டார்ச்சில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டும் பெரும்பாலும் இருக்காது. பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். புது பேட்டரி போட்டும் மினுக்கினால், பின்மூடியின் ஸ்பிரிங்கையும் மரையையும் உப்புத்தாளால் தேயுங்கள்.

கே: இதைக் காட்டினால் கிருமி சாகுமா?

ப: சாகாது. கிருமிநாசினி விளக்குகள் 254 நானோமீட்டரில் வேலை செய்பவை. அது வேறு சாதனம். அதற்காக இந்த டார்ச்சைக் கண்ணில் அடித்துக்கொள்ளாதீர்கள். கண்ணின் லென்ஸே ஒளிர்ந்து, பார்வை புகைமூட்டமாகத் தெரியும். 365 வகையில் ஆபத்து கூடுதல்: வெளிச்சம் மங்கலாகத் தெரிவதால் கண் கூசாது, முகமும் தானாகத் திரும்பாது. யூவி தடுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே சோதியுங்கள்.