ஐந்து இடத்துக்குக் காசு, மூக்குக்கு இலவசமா?

கேள்வி: எனக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம். வயது 47. சர்க்கரை வந்த பிறகு நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று 11 கிலோ குறைத்தேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் முகம் ஒட்டிப்போய்விட்டது. விசேஷ வீட்டுக்குப் போனால் “உடம்புக்கு என்னாச்சு?” என்பதுதான் முதல் கேள்வி. மூன்று மாதத்தில் மகனுக்குக் கல்யாணம். இங்கே ஒரு பார்லருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்து ஒரு பெண் வந்து, முகத்துப் பள்ளங்களை ஜெல்லால் நிரப்புகிற ஃபில்லர் ஊசி போடுகிறார். கன்னம், கண்ணுக்குக் கீழே, மூக்கோரக் கோடு, உதடு, மோவாய் என ஐந்து இடத்தையும் ஒரே நாளில் முடிக்கலாம், மூக்குக்கு இலவசம் என்கிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கடைவாய்ப் பல் இரண்டு எடுத்தாயிற்று, பாலக்காட்டில் ஒரு ரூட் கெனால் நடந்துகொண்டிருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா டாக்டர்? வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: முதலில் அந்த இலவச மூக்கைப் பேசிவிடுவோம். நல்ல அனுபவமுள்ள டாக்டர்களே ஊசியோடு நெருங்க யோசிக்கிற இடம் அது. மூக்கிலும் இரு புருவங்களுக்கு நடுவிலும் ஓடுகிற சின்ன ரத்தக் குழாய்களுக்குக் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்பு உண்டு. ஜெல் தவறிப்போய்க் குழாய்க்குள் இறங்கினால், ரத்தம் கிடைக்காமல் அந்த இடத்துத் தோல் கருகிப் புண்ணாகலாம். பின்னோக்கி ஏறிக் கண்ணுக்கான குழாயை அடைத்தால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் அப்படிப் போன பார்வை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இதைக் கொசுறாகத் தருகிறேன் என்பவரிடம் மற்ற ஐந்து இடங்களை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஃபில்லரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எடை குறைந்து ஒட்டிய முகத்துக்கு அது நல்ல வைத்தியம்தான். ஒரே நாளில் பல இடங்களில் போடுவதும் தப்பில்லை, தோல் மருத்துவர்களும் பிளாஸ்டிக் சர்ஜன்களும் செய்வதுதான். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று முழு முகத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ‘இடத்துக்கு இவ்வளவு’ என்று விலை சொல்லும் இடத்தில் அது நடக்காது.

ஒன்று செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடியுங்கள். கன்ன எலும்பு மேட்டில் இரண்டு விரல் வைத்து லேசாக மேலே, காதுப் பக்கமாகத் தூக்குங்கள். மூக்கோரக் கோடு பாதி மறைகிறதா? கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளமும் கொஞ்சம் நிரம்புகிறதா? அப்படியானால் உங்களுக்குக் குறைந்திருப்பது கன்னத்துச் சதைதான். மேலே ஆதரவு போனதும் கண்ணடியில் நிழல் விழுகிறது, கீழே கோடு ஆழமாகிறது. கன்னத்தை முதலில் சரிசெய்துவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தால், ஐந்து இடம் இரண்டாகக் குறையலாம். உதட்டையும் மோவாயையும் உங்களைப் பார்த்து யாராவது குறை சொன்னார்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பேக்கேஜில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, கடைவாய்ப் பல் இல்லாத பக்கத்தில் கன்னம் உள்வாங்கும். பல் கட்டுவது ஃபில்லரை விடச் சிரமமான வேலையாக இருக்கலாம், ஆனால் மெல்லவும் உதவும். ரூட் கெனாலை முடியுங்கள். பல் வேலைக்கும் ஊசிக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுவது நல்லது, வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து ஜெல்லில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், நிலைத்த பிறகு போடுங்கள்.

கண்ணுக்குக் கீழே மட்டும் அவசரமே வேண்டாம். அங்கே தோல் மெல்லியது. ஜெல் மேலாகப் படிந்தால் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும், அளவு கூடினால் மாதக்கணக்கில் வீங்கி நிற்கும். ஏற்கெனவே கண்ணடியில் பை மாதிரி உப்பியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதோடு, கன்னத்துக்கும் மோவாய்க்கும் கெட்டியான ஜெல், கண்ணடிக்கும் உதட்டுக்கும் மென்மையான ஜெல் என்று வேறு வேறு வகை உண்டு. ஒரே சிரிஞ்சை வைத்து முகம் முழுக்கச் சுற்றி வருகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோவையிலோ பாலக்காட்டிலோ டாக்டரைப் பார்க்கும்போது, போடுவது ஹையலூரானிக் ஆசிட் ஜெல்தானா என்று கேளுங்கள். ரெஸ்டிலேன், ஜூவிடெர்ம் எல்லாம் அந்த வகை. பிடிக்கவில்லை என்றாலும், குழாயில் அடைப்பு வந்தாலும், ஹையலூரானிடேஸ் என்ற மருந்தைப் போட்டுக் கரைக்கலாம். கால்சியம் வகை ஃபில்லர்களை அப்படிக் கரைக்க முடியாது. சிலிக்கோன் திரவம் என்றால் பேச்சே வேண்டாம். கரைக்கும் மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பார்லரில் ஏதாவது ஆகி, வேலந்தாவளம் தாண்டிக் கோவை போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு நேரம் போய்விடும், யோசித்துப் பாருங்கள். பெட்டியை உங்கள் எதிரில் பிரித்து, அதிலுள்ள பேட்ச் எண் ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். இன்னொருவருக்குப் போட்ட மீதியை உங்களுக்குப் போடுகிற கொடுமையும் நடக்கிறது.

ஒரு சிரிஞ்ச் பொதுவாக 1 மில்லி, ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் சின்னப் பெண் மாதிரி ஆகிவிடுவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். தொங்கும் தோலை ஃபில்லர் தூக்காது. தூக்க வேண்டும் என்று மேலும் மேலும் நிரப்பினால் முகம் தலையணை மாதிரி ஆகிவிடும். பலன் இடத்தையும் ஜெல்லையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல். உதட்டில் சீக்கிரம் கரைந்துவிடும். திரும்பத் திரும்ப ஆகும் செலவு இது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீக்கமும் ரத்தக்கட்டும் வடிய இரண்டு வாரம் வரை ஆகலாம். கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு முடித்தால், ஏதாவது திருத்தம் வேண்டுமென்றாலும் நேரம் இருக்கும். ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள், கல்யாணம் முடிந்து பார்க்கலாம். ஊசிக்கு முன் சமீபத்திய சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். சர்க்கரைக்காரர்கள் சிலர் ரத்தம் உறையாமல் இருக்க எகோஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுவார்கள். ரத்தக்கட்டு வருமே என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் ஃபேஷியல், மசாஜ் கூடாது.

அட்வான்ஸைக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் போகட்டும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவதே நல்லது. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் தாங்க முடியாத வலி, தோல் வெளுப்பது, வலை போட்டது மாதிரி நீலத் திட்டு, கண் மங்குவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்க வேண்டும். விஷயம் தெரியாத ஆள் “வீக்கம்தான், காலையில் சரியாகிவிடும்” என்று படுக்கப் போய்விடுவார்.