1970களின் ஸ்பீக்கர் ஜோடியைச் சீர்செய்து விற்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது, எதில் கை வைக்கக் கூடாது?

அடி ஒலி தரும் வூஃபரின் ஃபோம் உதிர்ந்துவிட்டது, ஒரு பக்கத்தில் உச்ச ஒலி தரும் ட்வீட்டர் ஒலிக்கவில்லை, பெட்டியில் கீறல்களும் ஒரு தண்ணீர்க் கறையும் இருக்கின்றன, பெட்டியைத் தேய்த்து மெருகேற்றுவதிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டி கடைசியில்தான். கண்ணுக்குத் தெரிகிற குறை முதலில் கையை இழுக்கும், எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. நான் சீர்செய்த முதல் ஜோடிக்கு மூன்று வாரம் மரவேலை பார்த்தேன். முடித்துவிட்டு இணைத்துக் கேட்டால் ஒரு வூஃபர் கரகரத்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் அது வேறொரு மாடலின் வூஃபர் என்று தெரிந்தது. அளவும் நிறமும் ஒன்றாக இருந்ததால் எனக்கு முன் வைத்திருந்த யாரோ மாட்டியிருக்கிறார்கள். அந்த ஜோடியை விற்க முடியவில்லை. இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். ஸ்பீக்கர் இரண்டு, பொருள் ஒன்று. வாங்குகிறவர் இரண்டு பெட்டிக்காக வருவதில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில், பாடுகிறவர் நிற்கிறாரே அந்த இடத்துக்காக வருகிறார். இடதும் வலதும் ஒன்றுபோல ஒலித்தால்தான் அந்த இடம் உண்டாகும். ஆகையால் ஒரு பக்கத்தில் செய்கிற வேலையை மறுபக்கத்திலும் செய்யுங்கள், அது நன்றாக இருந்தாலும் கூட. ஒரு வூஃபரின் ஃபோம் மட்டும் போயிருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். உள்ளிருக்கும் ஒரு கெபாசிட்டர் (மின்தேக்கி) கெட்டிருந்தால் அதன் ஜோடியையும் எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் வெறும் பரிசோதனைதான். பின்பக்கத்து வரிசை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த எண்கள் என்றால் விற்கும்போது மதிப்பு கூடும். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ போன்ற சிறிய மானிட்டர் ஸ்பீக்கர்களில் இது ரொம்ப முக்கியம். அதில் முதலில் வந்தது 15 ஓம், பின்னாளில் வந்தது 11 ஓம். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது.

பிறகு மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். 8 ஓம் என்று எழுதியிருக்கும் வூஃபரை இணைப்புக் கம்பிகளிலிருந்து விடுவித்து அளந்தால் பெரும்பாலும் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். அது கோளாறு இல்லை, நேர்மின்சாரத்துக்கான தடை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதைத்தான். அடுத்து, வூஃபரில் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். உரசல் சத்தமோ சொரசொரப்போ தெரிந்தால் வாய்ஸ் காயில், அதாவது கோனோடு அசையும் கம்பிச் சுருள், காந்த இடைவெளியில் உராய்கிறது.

வூஃபரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. காந்தம் திருப்புளியை வெடுக்கென்று இழுக்கும். நான் ஒரு நொடி பிடி தளர்ந்ததில் முனை கோனைக் குத்திக்கொண்டு போய்விட்டது. மெல்லிய டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் வைத்துப் பின்பக்கமாக அடைத்தேன், ஒலியில் குறை தெரியவில்லை. ஆனாலும் தழும்பு தழும்புதான், வாங்கியவரிடம் காட்டித்தான் கொடுத்தேன். கோன் மேல் தடித்த அட்டையை மூடிவிட்டு வேலை செய்யுங்கள், திருப்புளியின் தண்டை மற்ற கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபோம். கோனையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் அந்த வளையம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரப்பதமும் ஆக்சிஜனும் அதைச் சிதைத்துவிடும். பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் 15, 20 ஆண்டுகளில் தொட்டால் பொடியாகும். ரப்பர் வளையம் பல மடங்கு தாங்கும். துணி வளையம் அநேகமாக அழிவதே இல்லை, அதன் மேல் பூசிய பிசின்தான் காலப்போக்கில் காய்ந்து காற்றைக் கசியவிடும். உங்களுடையதில் ஃபோம் உதிர்ந்திருப்பது இந்தத் தொழிலிலேயே சாதாரணமான, சரிசெய்யக்கூடிய குறை. இதைப் பார்த்துப் பயந்து புது வூஃபர் வாங்கிப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோன், காயில், காந்தம் எல்லாம் நல்ல நிலையில் இருக்க, ஒரு நுரை வளையத்துக்காக அசலைத் தூக்கிப் போடுகிறார்கள்.

புது வளையம் வாங்கும்போது வெளி விட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். கோனின் விட்டம், மேடாக வளைந்திருக்கும் பகுதியின் அகலம், கோனில் ஒட்டும் உதடு தட்டையா சரிவா, எல்லாம் பொருந்த வேண்டும். பழைய வளையம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்பதை, சுரண்டுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். ஃபோமின் விறைப்பும் முக்கியம். தடித்த வளையம் போட்டால் வூஃபரின் இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண் மேலே ஏறி, அடி ஒலி மெலிந்துவிடும்.

பழைய பசையைச் சுரண்டுவதுதான் வேலையில் முக்கால் பாகம். காகிதக் கோனாக இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிட்டு எடுக்கலாம். பிளாஸ்டிக் கோன்களில் எந்தக் கரைப்பானையும் முதலில் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பெக்ஸ்ட்ரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன கோன்களின் மேல் ஒரு அதிர்வடக்கும் பூச்சு இருக்கும், கரைப்பான் அதைத் தின்றுவிடும். பாலிப்ரொப்பிலீன் கோனில் சாதாரண வெள்ளைப் பசை நிற்காது, அதற்கான தனிப் பசை வேண்டும்.

ஒட்டும்போது உயிர்நாடி, காயில் நடுவில் நிற்பது. அது அசையும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கோனின் நடுவிலிருக்கும் மூடியான டஸ்ட் கேப்பை வெட்டி எடுத்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டுகளைச் சுற்றிலும் செருகி இறுக்கிவிட்டு ஒட்டுவது. மற்றது, டஸ்ட் கேப்பைத் தொடாமல், மெதுவாகக் காயும் பசை போட்டு, 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் ஓடவிட்டு, உரசல் கேட்கும் பக்கம் விரலால் நகர்த்தி நகர்த்தி நடுவைப் பிடிப்பது. விற்கிற ஜோடியென்றால் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். டஸ்ட் கேப் அசலாகவே இருந்துவிடும், அதை ஆராய்ந்து பார்க்கிற சேகரிப்பாளர்கள் நிறைய. ஆனால் ஏற்கெனவே உரசுகிற வூஃபருக்கு இந்த வழி போதாது, டஸ்ட் கேப்பைத் திறந்து உள்ளே பார்த்தே ஆகவேண்டும். எப்படி ஒட்டினாலும் ஒரு நாள் முழுக்க முகம் மேலே பார்க்கக் கிடக்கட்டும்.

துருவம் பார்ப்பதையும் மறக்காதீர்கள். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை வூஃபரின் சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே வரும், பெரும்பாலானவற்றில். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது தலைகீழ், சிவப்பில் நேர்முனை வைத்தால் கோன் உள்ளே போகும். அந்தத் தயாரிப்பாளரின் பழைய வழக்கமே அது. தெரியாமல் ஒரு பெட்டியில் மட்டும் கம்பியை மாற்றிப் போட்டால் இரண்டு வூஃபர்களும் ஒன்றின் அடி ஒலியை ஒன்று அழித்துவிடும். ட்வீட்டரில் இந்தப் பேட்டரி வேலையைச் செய்யாதீர்கள்.

உங்களுடையது துளையில்லாத அடைத்த பெட்டியா? எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 வழியாகக் கொண்டுவந்த முறை அது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும். அப்படியானால் வூஃபரை மாட்டிய பின் கோனை மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. சட்டென்று வந்தால் எங்கோ கசிவு. உள்ளே அடைத்திருக்கும் பஞ்சையோ கண்ணாடி இழையையோ எடுத்தால் இரண்டு பெட்டியிலும் எடை போட்டுப் பார்த்து அதே அளவைத் திரும்ப வையுங்கள், அதன் அளவு மாறினால் அடி ஒலி மாறும். கண்ணாடி இழை என்றால் முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

அடி ஒலியை வூஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் 50 ஆண்டுகளில் எழுதிய மதிப்பிலிருந்து விலகியிருக்கும். மாற்றுவது சரிதான். ஆனால் விலை உயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் ஒலி தானாக உயர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள். பழையதற்கு உள்ளேயே சிறிது மின்தடை இருந்தது, வடிவமைத்தவர் அதையும் கேட்டுத்தான் ட்வீட்டரின் அளவை நிர்ணயித்தார். தடையே இல்லாத புதியது வந்ததும் உச்ச ஒலி சற்றுத் தூக்கலாகிவிடலாம். அரை ஓமுக்குள் ஒரு சிறு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால் பழைய சமநிலை வரும். மைக்ரோஃபாரட் மதிப்பை உங்கள் விருப்பத்துக்கு மாற்றாதீர்கள். கிராஸ்ஓவரில் உள்ள காயில்களை அவற்றின் இடத்திலிருந்து நகர்த்தவும் வேண்டாம்.

ஒலி முடிந்தது என்று மனம் நிறைந்த பிறகு பெட்டிக்கு வாருங்கள். மேலே இருப்பது வெனீர் என்றால் அது ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதான மரத்தோல். மின்சார சாண்டர் பத்து நொடி ஓரத்தில் நின்றால் அடியிலிருக்கும் பலகை தெரிந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. கையால், மரத்தின் இழை ஓடும் திசையில், 220 எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல பெட்டிகளுக்கு அதுகூட வேண்டாம். அழுக்கைத் துடைத்துவிட்டு எண்ணெய் கொடுத்தாலே மரம் விழித்துக்கொள்ளும். கறை கறுப்பாக இருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும், கையுறை போட்டுக்கொண்டு. எண்ணெய் பூச ஸ்டீல் வுல் என்னும் இரும்புப் பஞ்சை எடுக்காதீர்கள். அதன் துகள்களைக் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும், செய்த ஃபோம் வேலை பாழாகும். ஆளி விதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்களைத் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள்.

இங்கேயும் ஜோடிதான். கறை ஒரு பெட்டியில் மட்டும் இருந்தாலும் எண்ணெயை இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து பூசுங்கள். இல்லையென்றால் நிறம் வேறுபட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிடும்.

பெட்டி பிரேசிலிய ரோஸ்வுட் என்றால் நாட்டைத் தாண்டி விற்பதற்கு முன் யோசியுங்கள். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, உரிய ஆவணமில்லாமல் எல்லை தாண்ட முடியாது.

கிரில் துணியை மாற்றலாம், வாயருகே வைத்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் போகும் துணியாக. பெயர்ச் சின்னங்களைப் பத்திரமாக எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள்.

விற்கும்போது மாற்றியதையெல்லாம் எழுதிக் கொடுங்கள்: எந்த வளையம், எந்த கெபாசிட்டர், எந்தத் தேதி. கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுங்கள். பழைய கெபாசிட்டரால் யாருக்கும் பயனில்லை, ஆனாலும் அந்தப் பையைப் பார்த்ததும் வாங்குகிறவரின் முகம் மாறுவதை நான் ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன். அனுப்புவதாக இருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் இரட்டை அட்டைப்பெட்டி, மூலைகளுக்குத் தனிக் காப்பு. கீழே விழுந்த அதிர்ச்சியில் பசை விட்டுக் காந்தம் நகர்ந்தால் காயில் இறுகி, வூஃபரே போய்விடும்.

கடைசியாக உங்கள் ஒலிக்காத ட்வீட்டர். அது செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பின்பக்கம் உச்ச ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால் அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அந்தக் காலக் குமிழ்களின் உட்பக்கம் களிம்பேறி இணைப்பு அறுந்துபோவது சகஜம், சுத்தம் செய்தால் ட்வீட்டர் பாட ஆரம்பித்துவிடும். அதுவும் இல்லையென்றால் ட்வீட்டரைத் தனியே கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். எண் காட்டினால் கோளாறு கிராஸ்ஓவரில் இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது, அதே மாடலின் பழைய ட்வீட்டரைத் தேடுங்கள், கிடைக்க மாதங்கள் ஆனாலும். இன்னொன்று, யமஹா என்எஸ்-1000எம் போல பெரிலியம் உலோகத்தால் ஆன டோம் (குவிந்த மெல்லிய தகடு) உள்ள ஸ்பீக்கராக இருந்து டோம் உடைந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. மல்டிமீட்டர் என்ன காட்டியது என்று கருத்தில் எழுதுங்கள், ஸ்பீக்கரின் மாடல் எண்ணையும் சேர்த்து. மேற்கொண்டு பார்க்கலாம்.