ஆடி வரட்டும், எடுத்துக்கலாம்

அன்புள்ள ஐயா,

திருநகரில் இருந்துகொண்டு நானும் என் நண்பனும் இரண்டு ஆண்டுகளாக ஒரு கேம் செய்துவருகிறோம். நான்கு மாசி வீதிகளையும் சுற்றித் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வடம் பிடிப்பவர்களையும் முட்டுக்கட்டை போடுபவர்களையும் எங்கே நிறுத்தினால் தேர் முக்கில் திரும்பும் என்பதுதான் புதிர். மொத்தம் 60 புதிர்கள், ஐந்தாறு மணி நேரம் ஓடும். வரும் பிப்ரவரியில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 500 ரூபாய்க்கு வெளியிடுவதாக இருக்கிறோம்.

வந்த இரண்டாம் மாதமே 75 சதவீதத் தள்ளுபடி போட்டுவிடலாம் என்கிறான் நண்பன். “75 சதவீதம் குறைத்தபோது வருமானம் 1470 சதவீதம் ஏறியது என்று கேப் நியூவெலே சொல்லியிருக்கிறார்” என்று வாதாடுகிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. சல்லிசாகக் கிடைப்பதை யார் மதிப்பார்கள்? என் கணக்கிலேயே 140 கேம்கள் இருக்கின்றன. எல்லாம் சேலில் வாங்கியவை, பாதிக்குமேல் திறந்துகூடப் பார்க்கவில்லை. முழு விலை கொடுத்து வாங்கியவை நான்கு, நான்கையும் முடித்துவிட்டேன். தள்ளுபடி ஒரு கேமின் மதிப்பைக் கெடுத்துவிடுகிறதா? தள்ளுபடியே கிடையாது என்று ஒரேயடியாக நின்றுவிட்டால் என்ன?

ம., திருநகர், மதுரை

*

அன்புள்ள ம.,

நண்பர் சொன்ன எண் சரிதான், ஆண்டைத்தான் விட்டுவிட்டார். ஸ்டீமை நடத்தும் வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதைச் சொன்னது 2009-ல். 10 சதவீதம் குறைத்தால் வருமானம் 35 சதவீதம் ஏறியது, 25-க்கு 245, 50-க்கு 320, 75-க்கு 1470 என்றார். அன்றைக்கு ஸ்டீமில் கடைவிரித்தவர்கள் குறைவு, பெரிய தள்ளுபடி என்பதே புதுசு. 2024-ல் மட்டும் அங்கே 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாகின. இன்று எந்த நாளில் திறந்தாலும் ஆயிரக்கணக்கானவை தள்ளுபடியில் கிடக்கின்றன. தெருவில் ஒரே ஒரு கடை பலகை வைத்தபோது கூடிய கூட்டத்தை, எல்லாக் கடையும் பலகை வைத்தபின் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் 140-க்கு வருகிறேன். முழு விலை கொடுத்ததால் அந்த நான்கையும் முடித்தீர்கள் என்று நினைக்கிறீர்கள். அந்த நான்கின் மேல் உங்களுக்கு முன்பே ஆசை இருந்தது. ஆசை இருந்ததால் காத்திருக்காமல் முழு விலை கொடுத்தீர்கள், அதே ஆசைதான் முடிக்கவும் வைத்தது. மற்றவை ‘99 ரூபாய்தானே’ என்று வாங்கியவை. அவற்றை 500 கொடுத்து வாங்கியிருந்தால் விளையாடியிருப்பீர்கள் என்று சொல்ல முடியாது, வாங்காமலே இருந்திருப்பீர்கள். இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. 2014-ல் ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் எடுத்த மதிப்பீட்டில், ஸ்டீம் கணக்குகளில் இருந்த கேம்களில் சுமார் 37 சதவீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படாதவை.

கொடுத்த விலைக்கு ஒரு பங்கும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச்சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே கொடுத்தார்கள். சிலருக்கு 2 டாலர் குறைத்தார்கள், சிலருக்கு 7 டாலர். யாருக்குக் குறைப்பது என்று முன்கூட்டித் தேர்வு எதுவும் இல்லை. பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மங்கிப்போனது. கொடுத்த காசின் உறுத்தல் சில மாதம்தான் தாங்கும்.

இன்னொரு பக்கம், கென்யாவில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா இருவரும் கொசுவலைகளை வைத்துச் செய்த ஆய்வு (2010). இலவசமாக வாங்கியவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்களும் வலையை ஒரே அளவில்தான் கட்டிக்கொண்டு படுத்தார்கள். விலை வைத்ததால் நடந்தது, வாங்க வந்தவர்கள் குறைந்ததுதான். ‘காசு கொடுத்தால்தான் மதிப்பான்’ என்று நாம் திண்ணையில் சொல்வது எல்லா இடத்திலும் நிற்காது. தேவை இருப்பவன் சும்மா கொடுத்தாலும் பயன்படுத்துவான்.

நம் ஊரின் பழைய பிரவுசிங் சென்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கேமுக்கு விலையே கிடையாது, மணிக்குத்தான் காசு. உட்கார்ந்தவர் ஒரு நிமிஷத்தை வீணாக்கியதில்லை. திறக்காத கேம் என்ற பேச்சே அங்கே எழவில்லை, ஏனென்றால் யாரும் எதையும் வாங்கி அடுக்கவில்லை.

ஆகவே 125 ரூபாய்க்கு வாங்கியவருக்கு உங்கள் தேர் சின்னதாகத் தெரியும் என்ற கவலை வேண்டாம். கெடுவது வேறொன்று: 500 என்று எழுதியிருக்கும் சீட்டின் மேலுள்ள நம்பிக்கை.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் ஆனியில் விலையைக் கேட்டுவிட்டு “ஆடி வரட்டும், எடுத்துக்கலாம்” என்று நகர்ந்துவிடுவார்கள். சேலை மட்டம் என்று அவர்கள் நினைக்கவில்லை. விலை இறங்கும் நாள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தள்ளுபடிக்குக் காரணம் உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை, தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும். மாட்டுத்தாவணியில் முகூர்த்த நாளில் எகிறும் மல்லி, பொழுது சாயச் சாய இறங்குவதற்கும் காரணம் உண்டு, பூ வாடுகிறது. தமுக்கம் புத்தகத் திருவிழாவில் எந்த அரங்குக்குப் போனாலும் 10 சதவீதம். அது வழக்கம் என்பதால் மீதி 90-ஐ யாரும் சந்தேகப்படுவதில்லை.

கேமுக்கு இதெல்லாம் கிடையாது. வாடாது, குடோன் வாடகை இல்லை, இன்னொரு பிரதி எடுக்கச் செலவும் இல்லை. அப்படிப்பட்ட சரக்கு இரண்டாம் மாதமே காரணமில்லாமல் முக்கால் பங்கு இறங்கினால், வாங்குபவர் தானாக ஒரு காரணம் கண்டுபிடிப்பார்: முதல் விலையே ஏற்றிவைத்த விலை. ஸ்டீம்டிபி போன்ற தளங்கள் ஒவ்வொரு கேமின் மிகக் குறைந்த விலையையும் பதிந்துவைக்கின்றன. ஒரு வாரம் 125-க்கு விற்றால் அந்த எண் அங்கேயே நிற்கும். அதன்பின் 250-க்கு வைத்தாலும் ‘முன்பு 125-க்குப் போயிற்றே’ என்று ஒதுங்குவார்கள். முதல் வாரமே 500 கொடுத்து வாங்கியவர்கள்தான் பாராட்டி ரிவ்யூ எழுத வேண்டியவர்கள், அவர்களுடைய மனக்கசப்பு தனி.

கணக்கையும் பார்த்துவிடலாம். 500 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் சுமார் 424. ஸ்டீமின் பங்கு 30 சதவீதம் போக உங்கள் கைக்கு ஏறத்தாழ 297. (விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் அந்தப் பங்கு 25 ஆகும். இப்போதைக்கு நமக்கு அந்தக் கவலை வேண்டாம்.) 75 சதவீதத் தள்ளுபடியில் விலை 125, கைக்கு வருவது 74. அதாவது ஒரு முழு விலை விற்பனைக்கு நான்கு பிரதி. 50-க்கு இரண்டு, 33-க்கு ஒன்றரை, 20-க்கு ஒன்றேகால். பணம் திருப்பிக் கேட்பவர்களையும் வருமான வரியையும் இதில் சேர்க்கவில்லை. சதவீதம் எல்லா நாட்டு நாணயத்துக்கும் ஒன்றாகவே பொருந்தும். ரூபாய்க்கு மட்டும் 20, டாலருக்கு 50 என்று வைக்க வழியில்லை.

ஸ்டீமின் விதிகளைத் தெரிந்துகொண்டால் உங்கள் இருவரின் சண்டையில் பாதி தானே தீரும். தள்ளுபடி 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 90-ஐத் தாண்டக் கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 30 நாள் விட வேண்டும். ஸ்டீமே நடத்தும் பருவ விற்பனைகளுக்கு இந்த இடைவெளி விலக்கு. வெளியீட்டுத் தள்ளுபடி முடிந்தபின்னும், விலையை ஏற்றியபின்னும் 30 நாள் எதுவும் வைக்க முடியாது. ஏற்றிவைத்து இறக்கும் ஜவுளிக்கடை வித்தை அங்கே உடனே பலிக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் 20 என்ற எண். உங்கள் கேமை விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கும் பட்டியலில், போட்டவர்களுக்கு, தள்ளுபடி 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும். 15 வைத்தால் 15-ஐ இழந்ததுதான் மிச்சம், யாருக்கும் சேதி போகாது. 20-க்கும் 75-க்கும் போகும் கடிதம் ஒன்றே. ஆகவே வெளியீட்டுக்குப் பிந்தைய முதல் தள்ளுபடிக்கு 20 போதும், அதற்குக் கீழும் வேண்டாம், மேலும் வேண்டாம். அதிகம் விற்பவை பட்டியலும் பிரதிகளை எண்ணுவதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறது. 125-க்கு விற்று அதில் ஏறுவது மலையேற்றம்.

தள்ளுபடியே இல்லாமல் நின்றவர்கள் உண்டு. செக் நாட்டின் வூப் நிறுவனம் செய்த ஃபேக்டோரியோ 2016-ல் 20 டாலருக்கு ஸ்டீமுக்கு வந்தது. 2018-ல் 30, 2023-ல் 35 என்று ஏறியதே தவிர ஒரு நாளும் சேலுக்கு வரவில்லை. 2022 முடிவதற்குள் 35 லட்சம் பிரதி விற்றது. ஜேசன் ரோரர் 2014-ல் தன் ‘தி காஸில் டாக்ட்ரின்’ கேமை இதே மாதிரி 8, 12, 16 டாலர் என்று படியேற்றி விற்றார். முதலில் நம்பி வருகிறவனைத் தள்ளுபடி தண்டிக்கிறது என்பது அவர் வாதம். வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்குப் பொருந்தாது. ஃபேக்டோரியோவில் ஒருவர் நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடப்பார், கிடக்கும் காலமெல்லாம் நாலு பேரிடம் அதைப் பற்றிப் பேசுவார். ஆறு மணி நேரத்தில் தேர் நிலைக்கு வந்துவிடும் கேமுக்கு அந்த வாய்மொழி ஓட்டம் கிடைப்பது கடினம். விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு மறந்தவர்களைத் தட்டியெழுப்ப அந்த 20 சதவீதக் கடிதம் உங்களுக்கு வேண்டும்.

மூட்டையாகக் கட்டி விற்கும் பண்டில்காரர்கள் வந்து கேட்பார்கள். முதல் ஆண்டில் கொடுக்காதீர்கள். வெளியே வாங்கிய கீயை (கேமைத் திறக்கும் குறியீட்டை) ஸ்டீமில் போட்டு விளையாடுகிறவர்களின் ரிவ்யூ ஸ்டீம் மதிப்பெண்ணில் சேராது. அந்த மதிப்பெண் தோன்றவே குறைந்தது 10 ரிவ்யூ வேண்டும், அவை ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்களுடையதாக இருக்க வேண்டும். மூட்டைக் கீகளில் ஒரு பகுதி மறுவிற்பனைச் சந்தைக்குப் போய், உங்கள் சொந்தத் தள்ளுபடியையே விலையில் முந்திவிடும்.

ரிவ்யூவில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 75 சதவீதத்துக்கு வருகிறவர்களில் புதிர் பிடிக்காதவர்களும் விலையைப் பார்த்து வந்துவிடுவார்கள். தேரை வேகமாக ஓட்ட முடியவில்லை என்று குறை எழுதுவார்கள். கட்டைவிரல் கீழே போனால் அடுத்து வருகிறவர் முழு விலையா, கால் விலையா என்றே பார்க்க மாட்டார். இந்தக் கூட்டத்துக்குக் கதவைத் திறப்பது, 50 நல்ல ரிவ்யூ சேர்ந்தபின் இருக்கட்டும்.

நான் வைப்பதாக இருந்தால் படிகள் இப்படி இருக்கும். வெளியீட்டுக்கு 10 சதவீதம், ஏழு நாள். கேம் வெளியாகிவிட்டது என்ற கடிதம் தள்ளுபடி இல்லாமலே விஷ்லிஸ்டுக்குப் போகும், அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம். ஜூன் கடைசியில் வரும் கோடை விற்பனைக்கு 20. டிசம்பர் விற்பனைக்கு 25, மனசு வந்தால் 30. அடுத்த ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு 33. அந்த ஆண்டு டிசம்பரில் 50. நண்பருடைய 75 மூன்றாம் ஆண்டில் வரட்டும், அதற்குள் புது கேமின் பக்கத்தையாவது போட்டிருங்கள். பழையதை இறக்குவதற்குப் புதியது ஒரு காரணமாகும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஆழம் என்பதால் பழைய விலை எண் குறுக்கே வராது. அவசரப்பட்டு இரண்டு படி ஒன்றாக இறங்கினால் திரும்பி ஏற முடியாது.

பிப்ரவரி வெளியீட்டை மட்டும் மாற்றச் சொல்வேன். உங்கள் கேமுக்கு ஊரே கொடுத்த நாள் ஒன்று இருக்கும்போது பிப்ரவரி எதற்கு? தேரோட்டம் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வரும். அந்த வாரத்தில் வெளியிடுங்கள். ஏழு நாள் தள்ளுபடியும் 30 நாள் காத்திருப்பும் போனாலும் கோடை விற்பனைக்கு முன் நாட்கள் மிச்சமிருக்கும். ஆண்டுதோறும் அதே வாரத்தில் விலை இறக்கினால் ‘ஏன் இறங்கிற்று’ என்று யாரும் கேட்க மாட்டார்கள், தேர் ஓடுகிறது. பிப்ரவரியை டெமோவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் அந்த மாதத்தில் உண்டு, ஒரு கேம் ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும். அதில் முதல் எட்டுப் புதிர்களை வைத்து, மேலமாசி வீதி முக்கில் தேர் பாதி திரும்பிய நிலையில் டெமோவை நிறுத்திவிடுங்கள். விழாவுக்கான பதிவு வெகு முன்பே மூடிவிடும். கேமை ஸ்டீமில் சேர்ப்பதற்கான 100 டாலர் கட்டணம் கட்டி 30 நாள் ஆகாமல் கேமை வெளியிட முடியாது. ‘விரைவில்’ என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும், விஷ்லிஸ்ட் சேர அது போதவே போதாது. கட்டணம் இன்னும் கட்டவில்லை என்றால் இந்த வாரமே கட்டிவிடுங்கள்.