கூரை ரெயில் இல்லாத ஸ்விஃப்ட் காரில் கார்பன் சைக்கிள்

கூரையில் ரெயில் (நீளவாக்கில் பதித்த கம்பி) இல்லாத உங்கள் ஸ்விஃப்ட் காரின் மேல், கார்பன் ஃபைபர் ஃபிரேம் கொண்ட சைக்கிளை ஊட்டிக்கு ஏற்றிப்போக எந்த ரேக் (சைக்கிளைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கூரை தாங்கும் எடையைக் கார் கையேட்டில் பாருங்கள். குறுக்குக் கம்பி, ரேக், சைக்கிள் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ரெயில் இல்லாததால் குறுக்குக் கம்பியைக் கதவு விளிம்பில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் உங்கள் மாடலுக்கென்றே வந்ததாக இருக்கட்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்ற ஒன்று என் காரில் நகர்ந்து, பெயின்டை விரல் நீளத்துக்குச் சுரண்டிவிட்டது.

ஃபிரேமை இறுக்கும் ரேக் வேண்டவே வேண்டாம். கார்பன் குழாய் அழுத்தத்தில் வெளியே தெரியாமலே விரிசல் விடலாம். சக்கரங்களை மட்டும் பிடிக்கும் வகையே நல்லது.

அப்புறம், சைக்கிளோடு காரின் மொத்த உயரத்தை அளந்து, தாழ்வான இடங்களில் நினைவிருக்க டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் ரேக்கின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.