ஐபிஎஸ் தொந்தரவை உணவை மாற்றியே கட்டுக்குள் வைக்க முடியுமா?

ஐபிஎஸ் (பரிசோதனையில் கோளாறு எதுவும் தெரியாமலே வயிற்று வலி, உப்பசம், கழிச்சல் அல்லது மலச்சிக்கல் என்று படுத்தும் குடல் தொந்தரவு) என்று டாக்டர் சொல்லிவிட்டார், சாப்பாட்டை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பெருமளவு சரியானது. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன். வருஷத்தில் நாலைந்து தடவை இன்னும் படுத்தும். ஆனால் ஒரு காலத்தில் வாரத்தில் நாலு நாள் படுத்தியது.

நான் பள்ளி ஆசிரியை. காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் முதல் பீரியட் முடிவதற்குள் வயிறு பொருமி, கட்டியிருக்கும் புடவை இடுப்பில் இறுக்கும். பாடத்தைப் பாதியில் விட்டு ஓடிய நாட்கள் உண்டு. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வேன். இரத்தப் பரிசோதனை, தைராய்டு, கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை, பெருங்குடல் எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. "ஒன்றுமில்லை" என்று கேட்டபோது நிம்மதியைவிட அழுகைதான் வந்தது. வலி நிஜமாக இருந்ததே!

அப்போது எல்லோரும் சொன்ன யோசனைகள் இரண்டு. காரத்தைக் குறை, இரவில் சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடு. இரண்டையும் ஆறு மாதம் செய்தேன். நார்ச்சத்துக்காகத் தவிட்டோடு அரைத்த மாவு, தொட்டுக்கொள்ள வெங்காயக் குருமா. நிலைமை மோசமானதுதான் மிச்சம்.

வழி தெரிந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தில். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வயிறு எப்படி இருந்தது என்று தினமும் எழுதி வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது இரண்டு அமாவாசையும் சுத்தமாக இருந்தன. எங்கள் வீட்டில் அமாவாசைக்கு வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டோம். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பெருங்காயம் போட்ட ரசம், சோறு. காரம் வழக்கம்போலத்தான் இருந்தது. மறுநாள் சின்ன வெங்காய சாம்பார் வைத்ததும் பழைய கதை.

இதை வயிற்று நோய் நிபுணரிடம் காட்டியபோதுதான் ஃபோட்மேப் என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூசன் ஷெப்பர்டும் 2005இல் கொண்டுவந்த பெயர். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில வகைச் சர்க்கரைகளைச் சேர்த்து அப்படி அழைக்கிறார்கள். அவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அவற்றை நொதிக்கவைத்து வாயுவாக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் நரம்புகள் கூர்மையானவை என்பதால், மற்றவர்களுக்குத் தெரியாத உப்பசம் நமக்கு வலியாகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் இருப்பது ஃப்ரக்டான். அதைச் செரிக்கும் நொதி மனித உடம்பில் கிடையாது. பருப்பு, கொண்டைக்கடலையில் இருப்பது இன்னொரு வகை. பாலில் லாக்டோஸ். மாம்பழம், தேன், ஆப்பிளில் அதிகப்படியான ஃப்ரக்டோஸ். காலிஃபிளவர், காளானிலும் ஒரு வகை உண்டு. நான் ஒதுக்கிய அரிசிச்சோறு இந்தப் பட்டியலிலேயே இல்லை!

இவற்றை இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை மட்டும் நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு நாலு வாரம். கஷ்டம் சமையலில் இல்லை, வீட்டு மனிதர்களிடம்தான். "ஏம்மா, என் கைப்பக்குவம் பிடிக்கலையா?" என்று மாமியார் முகம் வாடிக் கேட்டார். "அத்தை, நோட்டைப் பாருங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து என்னைவிட அவர்தான் கண்டிப்பு. துவரம்பருப்பை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைப்பார். பருப்பில் இருக்கும் அந்தச் சர்க்கரையில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிப்பார். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசம் மட்டும் இறங்கும். (அந்த எண்ணெயை அன்றே தீர்த்துவிடுங்கள். பூண்டு ஊறிய எண்ணெயை வெளியில் வைத்திருப்பது ஆபத்து.) வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகப் போடலாம், வெள்ளைப் பகுதிதான் ஆகாது.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பீரியட் தொடர்ந்து நின்று பாடம் நடத்தினேன். வயிற்றின் நினைப்பே வரவில்லை என்பது மணி அடித்த பிறகுதான் உறைத்தது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். குணம் தெரிந்ததும் அப்படியே வருஷக்கணக்கில் ஒதுக்கி வாழ்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீண்ட நாள் ஒதுக்கினால் குடலில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவும் குறையும், சத்தும் குறையும். நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு பொருள், மூன்று நாள், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. பிறகு சில நாள் இடைவெளி, அடுத்த பொருள். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பால் தொந்தரவே இல்லை என்று தெரிந்தது. வீணாக இரண்டு வருஷம் காபியை விட்டிருந்தேன். ஒரு சப்பாத்தி ஒத்துக்கொள்கிறது, மூன்று ஆகாது. சாம்பாரில் இரண்டு சின்ன வெங்காயம் பரவாயில்லை. பூண்டு மட்டும் துளியும் கூடாது. உங்களுக்கு இது தலைகீழாக இருக்கலாம், என் அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மலச்சிக்கல் உள்ள வகை என்றால் கோதுமைத் தவிட்டுக்குப் பதில் இசப்கோல் உமியை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அது கரையும் நார், உப்பசம் குறைவு. நேரத்துக்குச் சாப்பிடுவதும் முக்கியம். பரீட்சைத் தாள் திருத்தும் வாரங்களில் சாப்பாடு சரியாக இருந்தும் எனக்கு வயிறு கெடும். மூளைக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பு அப்படி.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் என்று ஏதேனும் இருந்தால் உணவுச் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் ஏற்கெனவே மெலிந்தவர்களும் உணவியல் நிபுணர் துணையில்லாமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

இன்று இரவே ஒரு நோட்டு எடுங்கள். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், சாப்பிடுவதை மட்டும் எழுதுங்கள். நிபுணரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள்.