கெண்டைக்கால் வலியோடு களத்தில் இறங்கலாமா? – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. கல்லூரிக் காலத்திலிருந்து கூடைப்பந்து ஆடி வருகிறேன். இப்போது வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே ஆட முடிகிறது. பத்து நாள்களுக்கு முன்பு ஓடும்போது வலது கெண்டைக்கால் சுரீரென்று இழுத்துக்கொண்டது. நடந்தால் வலியில்லை, ஓடினால் வலிக்கிறது. இம்மாத இறுதியில் எங்கள் அணிக்கு ஒரு போட்டி இருக்கிறது. நான் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் இந்தியானா பேசர்ஸ் அணியின் ரசிகன். கெண்டைக்கால் காயத்தோடு 2025 இறுதிப்போட்டியில் ஆடிய டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்குக் குதிகால் நாண் அறுந்ததைப் பார்த்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. அந்த ஒரே சீசனில் அந்த அணியில் மூவருக்கு இதே காயம் ஏற்பட்டது எப்படி? அவரை ஆட விட்டது தவறா? நான் ஆடலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது வலி இருக்கும்வரை ஆட வேண்டாம். இம்மாத இறுதிப் போட்டியைப் பற்றி இன்றே முடிவெடுக்கவும் வேண்டாம். அதைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் காலே தவிர நாட்காட்டி அல்ல.

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் கீழே வந்து ஒரே தடித்த நாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பில் பற்றிக்கொள்கின்றன. அதுவே அக்கிலீஸ் நாண். ஓடும்போதும் தாவும்போதும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அதன் வழியாகச் செல்கிறது. ஆனால் குதிகாலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே, பெரும்பாலும் அறுகிற அந்த இடத்தில், இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே அன்றாடத் தேய்மானம் அங்கே மெதுவாகத்தான் சீராகிறது. தசையில் காயம் இருக்கும்போது அது முழு வலுவோடு சுருங்காது. அந்த நிலையில் திடீரென்று உந்திப் பாய்ந்தால், விசையின் பெரும்பங்கு நாணின்மேல் விழக்கூடும். கெண்டைக்கால் காயத்துக்கும் நாண் அறுதலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயப்படுவதற்கு இதுவே காரணம். ஐயத்துக்கு இடமிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஒரு குறிப்பிட்ட வீரரின் நாண் இதனால்தான் அறுந்தது என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது.

ஹாலிபர்ட்டனுக்கு நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு எதிராக ஏழு ஆட்டங்கள் வரை நீளும் இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், ஜூன் 16 அன்று, வலது கெண்டைக்காலில் காயம்பட்டார். மூன்று நாள் கழித்து ஆறாம் ஆட்டத்தில் இறங்கினார். பேசர்ஸ் 108-91 என்று வென்றது. ஜூன் 22 அன்று ஏழாம் ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களிலேயே, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று முறை பந்தைக் கூடைக்குள் போட்டு 9 புள்ளிகள் சேர்த்திருந்தார். முதல் கால்பகுதி முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது, பந்தோடு முன்னோக்கிப் பாய வலது காலை ஊன்றி உந்தினார். எவரும் தொடாமலே விழுந்து, கையால் தரையை ஓங்கி அடித்தார். முழங்கால் நீள, கணுக்கால் மடங்கி, முன்பாதம் தரையில் ஊன்றியிருக்கும் அந்தக் கணத்தில்தான் இந்த நாண் மிகுதியாக அறுகிறது. அடிபட்டவர்களில் பலர், பின்னாலிருந்து யாரோ காலில் எட்டி உதைத்ததாக எண்ணித் திரும்பிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

அவரை ஆட விட்டது தவறா? மூன்று நாளிலோ ஆறு நாளிலோ கெண்டைக்கால் தசை முழுமையாக ஆறிவிடாது. லேசான காயத்துக்கே பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களும், நடுத்தரக் காயத்துக்கு நான்கு முதல் எட்டு வாரங்களும் தேவை. ஆகவே குணமாகிவிட்டார் என்பதற்காக எவரும் அவரை இறக்கவில்லை. ஆபத்தை அறிந்தே, அதை ஏற்று, இறங்கினார். நடக்க முடிந்தால் ஆடவே விரும்புவதாக முன்பே சொன்ன அவர், பின்னரும் அந்த முடிவுக்கு வருந்தவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அணியின் வரலாற்றில் முதல் என்.பி.ஏ. பட்டத்துக்கு ஒரே ஓர் ஆட்டம் மிச்சமிருந்த நிலையில், 25 வயது வீரர் ஒருவர் அறிந்து எடுத்த முடிவை நான் குறைகூற மாட்டேன். அதே நேரம், நன்றாக ஓடுகிறார் என்பதை மட்டும் பார்த்து ஒரு மருத்துவர் ஒப்புதல் தந்துவிடக் கூடாது. ஆட்டத்தின் பரபரப்பில் உடல் வலியை மறைத்துவிடும்.

2019-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கெவின் டுராண்ட் கெண்டைக்கால் காயத்துக்கு ஒரு மாதம் போல ஓய்வெடுத்த பிறகே இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் இறங்கினார். சுமார் 12 நிமிடம் ஆடியபோது அவருக்கும் வலது நாண் அறுந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. அந்த முடிவுக்கு யாரையாவது குறை சொல்ல வேண்டுமானால் தன்னையே சொல்லுங்கள் என்று அணியின் நிர்வாகி பாப் மையர்ஸ் அன்றிரவே கண்கலங்கப் பேசினார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குத் தொடர்பு உறுதியானதுபோலத் தோன்றும். ஆனால் கெண்டைக்காலில் காயமிருந்ததாக எந்தச் செய்தியும் வராத நிலையில்தான் பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் ஜேசன் டேட்டம் 2025 மே மாதம் இதே காயத்தில் விழுந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

பேசர்ஸ் அணியின் மற்ற இருவருக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. ஜேம்ஸ் வைஸ்மேனுக்கு 2024 அக்டோபரில் அந்த அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே நாண் அறுந்தது. ஐசையா ஜாக்சனுக்கு நவம்பர் முதல் தேதியில். சீசன் தொடங்கியே பத்து நாள்தான் ஆகியிருந்தது என்பதால், ஒரு சீசனின் 82 ஆட்டங்களின் களைப்பைக் காரணமாகச் சொல்ல வழியில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் திடீரென்று முழுவேகத்துக்குப் போவது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அரிதான காயம் ஒன்று ஒரே அணியில் மும்முறை வந்தால் நாம் பொதுக் காரணம் தேடுகிறோம். இப்படிக் கொத்தாக வருவது தற்செயலாகவும் நிகழக்கூடியதே. எனக்குத் தெரிந்தவரை இங்கே ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை.

ஒரு மருத்துவராக என்னை அதிகம் ஈர்த்தது, அந்த அணி அந்த இழப்பைச் சமாளித்த விதம். கூடைக்கு அருகில் ஆடும் ‘சென்டர்’ வீரருக்கு மாற்றாக இருந்த வைஸ்மேன், ஜாக்சன் இருவரும் சில நாள்களில் போய்விட்டனர். இப்படிப்பட்ட நேரத்தில் அணிகள் செய்கிற பெரும் பிழை, மிச்சமிருப்பவர்களின் ஆட்ட நேரத்தைக் கூட்டிவிடுவது. காயம் பெரும்பாலும் அந்த வழியில்தான் அடுத்தவருக்குப் பரவுகிறது. பேசர்ஸ் நிர்வாகம் டிசம்பரில் மயாமியிலிருந்து தாமஸ் பிரையன்ட்டை வரவழைத்தது. பயிற்சியாளர் ரிக் கார்லைல் ஒன்பது, பத்து வீரர்களுக்கு நிமிடங்களைப் பங்கிட்டு அனைவரையும் வேகமாக ஆட வைத்தார். முதல் 25 ஆட்டங்களில் 15-இல் தோற்றிருந்த அணி, 50 வெற்றியோடு சீசனை முடித்தது. ஏழாம் ஆட்டத்தில் ஹாலிபர்ட்டன் விழுந்த பிறகும் இடைவேளையில் 48-47 என்று முன்னிலையில் இருந்தது, இறுதியில்தான் 103-91 என்று தோற்றது. சுமையைப் பலர் பகிர்வது ஆட்ட உத்தி மட்டுமன்று, நல்ல மருத்துவமும்கூட. முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24 முதல் என்.பி.ஏ. வைத்திருக்கும் விதி இதற்கு எதிர்த்திசையில் தள்ளுகிறது. ஒப்பந்தத் தொகையும் அவ்விருதுகளோடு பிணைந்திருப்பதால், ஆறாத காயத்தோடு திரும்பும் ஆசையை அது வளர்க்கிறது என்பது என் கருத்து.

இனி உங்கள் கால். முதலில் எலும்பு-மூட்டு மருத்துவர் அல்லது விளையாட்டு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். உங்களைக் குப்புறப் படுக்க வைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலை அவர் கையால் அமுக்கிப் பார்ப்பார். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாது. நீங்கள் வலியின்றி நடப்பதால் இது தசைக் காயமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். தேவைப்பட்டால் ஸ்கேன் உறுதிப்படுத்தும். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

பிறகு வலுவூட்டல். இரு கால்களிலும் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். வலியில்லாதபோது ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். முழங்காலை நீட்டியும் மடக்கியும் இரு விதமாகச் செய்ய வேண்டும். மடக்கிச் செய்யும்போதுதான் உள்ளே இருக்கும் தசைக்கு வேலை கிடைக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வலது காலில் மட்டும் நின்று இருபத்தைந்து முறை, இடது காலைப் போலவே அதே உயரத்துக்கு உங்களால் எழ முடிய வேண்டும். அதன்பின் மெது ஓட்டம், வேக ஓட்டம், ஒற்றைக் கால் தாவல், திடீரென்று திசைமாற்றிப் பாய்தல் என்ற வரிசையில் போகலாம். மறுநாள் காலையில் வலியோ இறுக்கமோ இருந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். இவை அனைத்தும் முடிந்து, இரண்டு முறை முழுப் பயிற்சி ஆட்டத்திலும் வலியில்லை என்றால் போட்டியில் இறங்கலாம்; முதல் நாளில் பாதி நேரம் ஆடினால் போதும். அதற்குள் மாத இறுதி வந்துவிட்டால், அந்தப் போட்டியை வெளியிலிருந்து பாருங்கள். நாண் அறுந்தால் தொழில்முறை வீரருக்கே ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் போய்விடும். அவரிடம் மருத்துவர் குழுவும் காப்பீடும் இருக்கின்றன. நீங்களோ காலணிக் கட்டோடும் ஊன்றுகோலோடும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நாணை நலிவடையச் செய்யக்கூடும். அண்மையில் உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி போகட்டும் என்று நாணுக்கு அருகில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஓய்விலிருக்கும்போதும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகிச் சிவந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். ‘டப்’ என்ற ஒலியோடு பின்னங்காலில் அடிவிழுந்ததுபோல் தோன்றி, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.