கப்பலில் ஃபோர்மல் டின்னருக்கு அப்பாவும் கணவரும் எதை உடுத்துவது?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறோம். லண்டனில் இருக்கிற அண்ணா ஆகஸ்டில் எங்களையும் சேர்த்து 7 இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்குப் பதிந்திருக்கிறார். அதில் இரண்டு இரவு ‘ஃபோர்மல் நைட்’ என்று போட்டிருக்கிறது. கணவரிடம் இருப்பது ரிசெப்ஷனுக்குத் தைத்த மெரூன் கோட் ஒன்றுதான், 11 வருடம் ஆகிறது. அப்பாவுக்கு 67 வயது, கோட் போட்டதே இல்லை, இனிப் போடவும் மாட்டாராம். டக்ஸிடோ கட்டாயமா? எட்டு வயது மகனுக்கு என்ன போடுவது?

பதில்:

டக்ஸிடோ கட்டாயமில்லை, தங்கச்சி. கணவருக்குக் கருநீலத்திலோ கரும்சாம்பலிலோ ஒரு சூட். அப்பாவுக்கு எட்டு முழ வேட்டி, நஷனல், சால்வை. இரண்டு பேரும் தலை நிமிர்ந்து போய் இருக்கலாம். ஆனால் பிழை வருவது உடுப்பின் பெயரில் இல்லை, அளவிலும் சப்பாத்திலும்தான். அதனால் அவற்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் கம்பனியைக் கேளுங்கள். அண்ணா எந்தக் கப்பலுக்குப் பதிந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ‘ஃபோர்மல்’ என்ற ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு கம்பனியிலும் ஒவ்வொரு பொருள் இருக்கிறது. குனார்ட் கப்பல்களில் ‘காலா இரவு’ என்று அவர்கள் சொல்கிற ஃபோர்மல் இரவு என்றால் டின்னர் ஜாக்கெட், அல்லது டை கட்டிய கரும் சூட். ரோயல் கரீபியன், பிரின்ஸஸ் கப்பல்களில் பெரும்பாலான ஆண்கள் சூட்டோடு வருவார்கள், ஆனால் கோட் இல்லாமல் நல்ல சேட்டும் லோங்ஸும் போட்டு வருகிறவர்களும் கண்ணில் படுவார்கள். கார்னிவலில் அதை ‘எலிகன்ட்’ இரவு என்பார்கள், கோட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கதவில் மறிக்கமாட்டார்கள். செலிப்ரிட்டி 2015 கடைசியிலேயே ஃபோர்மல் இரவை விட்டுவிட்டு ‘ஈவினிங் ஷிக்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. நோர்வீஜியன், வைக்கிங், ஓஷானியா கப்பல்கள் என்றால் டை இல்லாமலே போகலாம். ஆகவே துணி வாங்கப் போகுமுன் பதிவுக் கடிதத்தில் கம்பனியின் பெயரைப் பார்த்து, அவர்களின் இணையத்தளத்தில் ஆண்களுக்கான உடைப் பகுதியை ஒருதரம் வாசித்துவிடுங்கள். அதே பக்கத்தில் ‘நஷனல் ட்ரெஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பாவின் விஷயம் அதில் முடிந்துவிடும்.

2023 ஜூனில் கோர்டேலியா கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியபோது, இறங்கி வந்த பயணிகளைப் பார்த்த நம்மவர்கள் பலருக்கு ‘கப்பல் உடுப்பு’ என்றால் அரைக் காற்சட்டையும் தொப்பியும்தான். பகலில் அது சரி. இரவுச் சாப்பாட்டு மண்டபம் வேறு உலகம்.

ஃபோர்மல் இரவு எப்போது வரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் இரவு அநேகமாக வராது. பெட்டிகளைக் கரையிலேயே வாங்கி, அறை அறையாகக் கொண்டுவந்து வைக்க மாலையாகிவிடும், சிலருக்கு இரவும் ஆகும். பெட்டி வராதவரிடம் கோட் கேட்கமுடியாதே. நாள் முழுக்கக் கரையிறங்கிச் சுற்றுகிற நாளிலும் வைப்பது குறைவு. கப்பல் கடலிலேயே நிற்கிற நாட்களில்தான் வைப்பார்கள். பயண அட்டவணையில் ‘அட் சீ’ என்று போட்ட நாட்களைக் குறித்துவையுங்கள்.

இனி கணவரின் சூட்டுக்கு வருவோம். அந்த மெரூன் கோட்டைக் கொண்டுபோக வேண்டாம். ரிசெப்ஷன் மேடையின் வெளிச்சத்துக்கென்று தைத்த மினுக்கத் துணி சாப்பாட்டு மேசையில் எடுபடாது. அதோடு 11 வருடத்தில் வயிறு வளர்ந்திருக்கும், தோள் வளர்ந்திராது. ஊரில் வேறு விசேஷத்துக்குப் போட வேண்டுமென்றால், வயிற்றுப் பக்கத்தைப் பிரித்து விட உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை மறந்துவிடலாம்.

புதிதாகத் தைப்பதென்றால் இப்போதே தொடங்குங்கள். 58 அங்குல அகலத் துணியில் கோட்டுக்கும் லோங்ஸுக்குமாக 3¼ மீற்றர் அளவு வேண்டும். பெரிய உடம்பென்றால் 3½. கடையில் சூட்டிங் என்று கொடுப்பது அநேகமாகப் பொலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி. அது கசங்காது, ஆனால் உள்ளே வெக்கை அடைக்கும், சூடான அயன் பட்டால் முழங்கையிலும் பொக்கற் விளிம்பிலும் பளபளக்கத் தொடங்கும். கம்பளி கலந்தது என்று விற்பவர் சொன்னால், ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் பிடித்துப் பாருங்கள். கம்பளி தலைமயிர் கருகிய மணத்தோடு பொடியாக உதிரும். பொலியஸ்டர் உருகிக் கறுத்து, கடுகு போல உருண்டு கெட்டியாகும். இரண்டும் கலந்திருந்தால் இரண்டும் தெரியும். மெல்லிய கம்பளித் துணி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம். கப்பல் மண்டபத்தில் ஏசி நன்றாகவே குளிரும், அதனால் சூட்டில் வேர்க்கும் என்ற பயம் வேண்டாம். வேர்ப்பது இங்கே போட்டுப் பார்க்கும்போதுதான்.

டெய்லரிடம் இரண்டு தரம் போட்டுப் பார்க்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் தரம் ஓட்டுத்தையலில், கைகளை முழுதாகப் பொருத்துமுன். அப்போது பார்க்கவேண்டியது தோள். கோட்டின் தோள் தையல் அவரின் தோள் எலும்பு முடிகிற இடத்திலேயே முடியவேண்டும், ஒரு விரல் வெளியே தள்ளினாலும் கடன் வாங்கிய கோட் போல இருக்கும். இடுப்பை, கை நீளத்தை, லோங்ஸ் கரையைப் பிறகும் திருத்தலாம். தோளைத் திருத்துவது புதிதாகத் தைப்பதற்குச் சமம். இரண்டாம் தரம், போடப்போகிற அதே சேட்டோடும் அதே சப்பாத்தோடும் போய் நில்லுங்கள். கையைத் தொங்கவிட்டால் கோட் கைக்கு வெளியே சேட்டின் கை 1 முதல் 1½ சென்ரிமீற்றர் வரை தெரியவேண்டும். முன்தெறியைப் பூட்டினால் வயிற்றில் குறுக்கே கோடு விழக்கூடாது. லோங்ஸ் சப்பாத்தின் மேல் லேசாகத் தொட்டு ஒரே ஒரு மடிப்பு விழுந்தால் போதும். நம்மூரில் ‘கழுவினால் சுருங்கும்’ என்று நீளமாக விடுகிற பழக்கம் இருக்கிறது. சூட்டைத் தண்ணீரில் கழுவப் போவதே இல்லை என்று டெய்லருக்கு ஞாபகப்படுத்துங்கள். தண்ணீரும் சூடும் பட்டால் உள்ளே ஒட்டியிருக்கிற கான்வஸ் பிரிந்து, நெஞ்சுப் பக்கம் அப்பளம் போலக் கொப்பளிக்கும். அதற்குத் திருத்தம் கிடையாது.

ரெடிமேட் வாங்கினால் பின்பக்க வெட்டில் பெருக்கல் குறி போலப் போட்டிருக்கிற நூலை வெட்டிவிடுங்கள். கையில் தைத்திருக்கிற கம்பனி லேபிளையும் கழற்றவேண்டும். இரண்டும் கடையில் வைப்பதற்காகப் போட்டவை. கோட்டின் கடைசித் தெறியைப் பூட்டக்கூடாது, உட்காரும்போது தெறிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம்.

சேட் வெள்ளை, பருத்தி, முழுக்கை. கொலரைப் பூட்டி இரண்டு விரல் நுழைந்தால் சரியான அளவு. உள்ளே வெள்ளைப் பெனியன் போட்டால் மண்டப வெளிச்சத்தில் அதன் வெட்டு அப்படியே தெரியும். உடம்பு நிறத்துக்குக் கிட்டிய மண்ணிறமோ சாம்பலோ போட்டால் தெரியாது. டையின் நுனி பெல்ட் கொளுக்கியைத் தொடவேண்டும், மேலே நின்றாலும் கீழே தொங்கினாலும் அவலட்சணம். முடிச்சைக் குறைந்தது நான்கு நாள் முன்பே பழகட்டும், அன்றைக்கு மாலை கபின் கண்ணாடியின் முன் பழகப் போனால் சாப்பாட்டு நேரம் போய்விடும். போ டை கட்டுவதென்றால் டின்னர் ஜாக்கெட்டோடு மட்டும். அந்த ஜாக்கெட்டின் கொலர் மடிப்பில் சாட்டின் இருக்கும், லோங்ஸின் பக்கத் தையலில் ஒரு சாட்டின் பட்டி ஓடும், பெல்ட் போடுவதில்லை. சாதாரண நீல சூட்டில் கறுப்புப் போ டை மட்டும் கட்டிக்கொண்டு போனால், பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கேட்கக்கூடும்.

சப்பாத்து விஷயத்தில்தான் நம்மூர்க்காரர் அதிகம் அடிபடுகிறார்கள். அலுமாரியில் பல வருடமாகக் கிடக்கிற கறுப்புச் சப்பாத்து மேலே புதிது போல இருக்கும். கீழே அடிப்பாகம் பொலியூரத்தேன் என்ற பிளாஸ்ரிக் வகை என்றால், கடற்காற்றின் ஈரத்தில் அது உள்ளுக்குள்ளேயே உக்கிப் போயிருக்கும். போடாமல் வைத்தால் பழுதாகாது என்பது இதில் செல்லாது. பத்து அடி நடந்ததும் கறுப்புக் கேக் துண்டு போல உதிர்ந்து, கம்பளத்தில் கால்தடம் பதியும். இன்றைக்கே எடுத்து, பெருவிரல் நகத்தால் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ பள்ளமோ விழுந்தால் கழிவுதான். கைகளால் வளைத்துப் பார்க்கும்போது வெடிப்பு வந்தாலும் அப்படியே. புதிது வாங்கினால் கயிறு கட்டுகிற, கூர் மூக்கில்லாத கறுப்புத் தோல் சப்பாத்து வாங்கி, ஒரு வாரம் வீட்டுக்குள் மாலையில் அரை மணித்தியாலம் போட்டு நடக்கட்டும். மேஸ் கறுப்பு, பாதிக் கெண்டைக்கால் வரை. கால் மேல் கால் போட்டால் தோல் தெரியக்கூடாது.

அப்பாவின் வேட்டி. இதில் தயங்கவேண்டாம், தேசிய உடையைக் குனார்ட் போன்ற இறுக்கமான கம்பனியே காலா இரவுக்கு ஏற்கிறது. ஆனால் கோயிலுக்குக் கட்டுகிற மாதிரி இல்லாமல் சில மாற்றங்கள் வேண்டும். நாலு முழம் சரிவராது, வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் கால் தெரியும். எட்டு முழம், ஜரிகைக் கரையோடு. கரை கணுக்கால் எலும்பைத் தொட்டு நிற்கட்டும், தரையில் இழுபட்டால் படி ஏறும்போது தானே மிதித்துக்கொள்வார். கப்பல் லேசாக ஆடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோணேசர் மலையில் கச்சான் காற்றில் வேட்டி படும் பாடு தெரியும்தானே, கப்பலின் மேல்தட்டில் அதற்குக் குறையாது. இடுப்பில் பெல்ட், உள்ளே அரைக் காற்சட்டை, முடிந்தால் ஒட்டிக்கொள்கிற வேட்டி. மடித்துக் கட்டுவதை மண்டபத்துக்குள் மறந்துவிடச் சொல்லுங்கள். நஷனல் முழுக்கையாக, முழங்கால் வரை, பக்கப் பொக்கற்றோடு இருக்கவேண்டும். கப்பலில் அறைத் திறப்பு அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்கவேண்டும், வேட்டி மடியில் செருகினால் விழும். காலுக்கு ‘பாட்டா’ சரிவராது. விரல் மூடிய தோல் செருப்போ கறுப்பு மொஜாரியோ (வட இந்தியத் தோல் சப்பாத்து) போட்டால் கதவில் பேச்சே இருக்காது. திறந்த செருப்பைச் சில கப்பல்களில் ஆண்களுக்கு அனுமதிப்பதில்லை. குளிருக்குப் பட்டுச் சால்வை தானே உதவும். குழம்பு தெறிக்கும், ஆகவே வேட்டி இரண்டு. வீட்டில் கட்டுகிற சாரம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அறைக்குள் மட்டும்.

கஞ்சி பற்றி ஒரு சொல். லொண்ட்ரியில் கொடுத்து மொடமொடவென்று கஞ்சி போட்டு வாங்கி, மடித்துப் பெட்டியில் வைத்தால், திறக்கும்போது மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி வெட்டுப் போல நிற்கும். நீராவிக்கும் அது இளகாது. கஞ்சி இல்லாமல் அயன் பண்ணி, துணி சுற்றி வருகிற மட்டைக் குழாய் ஒன்றில் சுருட்டிக் கொண்டுபோங்கள்.

ஏனென்றால் அறைக்குள் அயன் கொண்டுபோக முடியாது. தீப் பயத்தால் தடை, பெட்டியை ஸ்கான் பண்ணும்போதே எடுத்துவைத்து, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். சில கப்பல்களில் பொது அயன் அறை இருக்கும், ஃபோர்மல் நாளில் மத்தியானத்துக்குப் பிறகு அங்கே வரிசைதான். இல்லாவிட்டால் காசு கொடுத்துக் கப்பல் லொண்ட்ரியில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கோட்டை மடிக்கும்போது ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் செருகி, இடையில் மெல்லிய பிளாஸ்ரிக் உறை வையுங்கள். துணி துணியோடு உரசாது, மடிப்பு ஆழமாக விழாது. அறைக்குப் போனதும் குளியலறையில் தொங்கவிட்டு, கதவை மூடி, சுடுதண்ணீரைப் பத்து நிமிடம் திறந்துவிட்டால் மிச்சச் சுருக்கமும் போய்விடும். கதவைத் திறந்துவைத்தால் நீராவிக்குப் புகை அலாரம் அடிக்கக்கூடும். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, நாலு காந்தக் கொளுக்கி கொண்டுபோனால் கோட், நஷனல், சால்வை எல்லாம் அதிலேயே தொங்கும்.

கட்டுநாயக்காவில் ஏறும்போது கணவரின் சூட்டும் அப்பாவின் ஒரு செட்டும் கைப்பெட்டியில் போகட்டும். பெட்டி பிந்தி வந்தால் விமானக் கம்பனி வீட்டுக்கு அனுப்பும், கப்பல் உங்களுக்காக நிற்காது. பூச்சி உருண்டை போட்ட அலுமாரியில் இருந்தவற்றை இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டபிறகு அடுக்குங்கள், வெயிலில் போட்டால் நிறம் மங்கும். அந்த மணத்தை ஏசி மண்டபத்தில் எட்டுப் பேர் மேசை முழுக்க உணரும்.

ஒரு இரவு உடுத்த மனமில்லை என்றால் தண்டனை ஒன்றும் இல்லை. அன்றைக்கு பஃபே பக்கம் போய்ச் சாப்பிடலாம், சாப்பாடு அங்கேயும் நிறைய உண்டு.

மகனுக்கு நீளக் காற்சட்டையும் கொலர் வைத்த முழுக்கைச் சேட்டும் தாராளம். சூட் தைத்துக் காசைச் செலவழிக்கவேண்டாம், அடுத்த தைப்பொங்கலுக்குள் அவனுக்கு அது பத்தாது.